காரணம் என்ற கட்டம்

விடிகாலை நாலரைக்கு
என் கை என்னோடு எழுந்திருப்பதில்லை.
ஆறரை தாண்டித்தான்
குளத்திலிருந்து மனசில்லாமல் கரையேறுகிற எருமைகள் மாதிரி
ஒவ்வொரு விரலாய் வந்து சேரும்.

மருதூர் அணைக்கட்டில் லஸ்கர் நான்.
மேலக்காலுக்கு எத்தனை புரி, கீழக்காலுக்கு எத்தனை புரி
என்று திருகிக் கொடுக்கிற வேலை. பதினேழு வருசம்.
இப்போது சக்கரத்தின் பிடியைப் பிடித்தால்
பிடிதான் என்னைப் பிடித்துக்கொள்கிறது.

ஹைகிரவுண்டில் டாக்டர் ஜெபக்கனி
எக்ஸ்ரே கவரின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டார்.
"இது பேதை. உதவி டி-செல்.
இன்னும் எதையும் பார்க்கலை,
எந்தப் பக்கமும் சாயலை."
பேதை, பெதும்பை என்று பள்ளியில் ஒப்பித்தது
ஞாபகம் வந்தது.
உதவி செல்லாம்.
யாருக்கு உதவி என்று கேட்டிருக்கணும்.

வட்டத்திலிருந்து நாலு கோடு.
கோட்டின் வாயில் ஒவ்வொரு பேர்:
டி-பெட். காட்டா-மூணு. ரோர்-காமா-டி. ஃபாக்ஸ்-பி-மூணு.
"இதுகதான் மரபணு மேல உட்கார்ந்து
எந்த வழி திறக்கணும், எது அடைக்கணும்னு
முடிவு பண்ணுது."

அப்போ இதுக லஸ்கர், என்றேன்.

"கிட்டத்தட்ட."

அந்தக் கிட்டத்தட்டவை மடியில் வைத்துக்கொண்டு
மூன்று வாரமாய் பஸ்ஸில் போய் வருகிறேன்.

எனக்கு ஆர்டர் வரும்.
ஏ.இ. கையெழுத்து, தேதி, இத்தனை கன அடி.
காருக்கு ஒரு கணக்கு, பிசானத்துக்கு ஒரு கணக்கு.
கேட்காமல் அரைப் புரி திருகினாலும் மெமோ.
இந்த டி-பெட்டோ
ஒருதரம் வந்து உட்கார்ந்துவிட்டால்
இன்னும் டி-பெட் செய் என்று
தானே எழுதி, தானே கையெழுத்துப் போடுமாம்.
எந்த செக்‌ஷனில் நடக்கும் இது?

அதுகூடப் பரவாயில்லை.
தூங்கவிடாதது வேறொன்று.
டிஜிஎஃப்-பீட்டா என்று ஒரு சேதி
தனியாய் வந்தால் பேதை காவலுக்குப் போகும்,
அடிக்காதே, வீட்டு ஆள் என்று சொல்லும்.
அதே சேதி
ஐஎல்-ஆறு என்கிற வெக்கையோடு வந்தால்
அதே பேதை பதினேழாம் நம்பர் ஆகி
என் மணிக்கட்டைத் தேடி வரும்.
நடுவில் கொஞ்ச நேரம்
ரோரும் ஃபாக்ஸும் ஒரே செல்லுக்குள்
ஒன்றின் கையை ஒன்று பிடித்து நிற்குமாம்.
யார் பிடி தளர்கிறதோ.

பங்காளி வரப்பை வெட்டுகிறவனை
எனக்குத் தெரியும். அவன் வெளியூர் இல்லை.
ராத்திரி மண்வெட்டியோடு வருவான்.
விடிந்தால் அவன் நாற்றும் சேர்ந்தே அழுகிக் கிடக்கும்.

"காவலுக்குப் போனது திரும்பி வராதே?" என்று கேட்டேன்.
டாக்டர் பேனாவை மூடினார்.
"சிலது பேரை விட்டுட்டு
மூட்டுக்குள்ள பதினேழா வந்து நிக்கும். எலியில பார்த்திருக்காங்க."

ஐஎல்-ஆறின் காதை அடைக்க ஊசி இருக்கிறது.
காப்பீட்டு அட்டைக்கு எழுதிப் போட்டிருக்கிறார்.
அதுவரை சனிக்கிழமை மாத்திரை.
ஞாயிறு முழுக்க வாயில் துருப்பிடித்த ஆணி.

போன வியாழன் பாபநாசத்தில் பேய் மழை.
மேலக்காலை முழுசாய் இறக்கு என்று போன்.
மணி அஞ்சு. கை இன்னும் குளத்தில்.
முழங்கையை, தோளை, கடைசியில் நெஞ்சைக் கொடுத்துத் திருகினேன்.
ரெண்டு புரி பாக்கி நின்றுவிட்டது.
அந்த இடுக்கில் போன தண்ணி
வருசக்கணக்காய்ச் சண்டை போட்டும் கிடைக்காத
கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததாம்.
யாரும் புகார் எழுதவில்லை.
இதை டாக்டரிடம் சொல்லலாமா என்று தெரியவில்லை.

எட்டு மணிக்கு விரல் வந்ததும் ரிஜிஸ்டரை எடுத்தேன்.
மேலக்கால், ரெண்டு புரி திறப்பு.
காரணம் என்ற கட்டத்தில்
ஐஎல்-ஆறு என்று எழுதி
அடித்துவிட்டு
மழை என்று போட்டேன்.